சாவி வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்: புது வீட்டுப் பூச்சு வேலைக் குறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புது வீடு கைக்கு வரும் நேரத்தில் எல்லோரும் பார்ப்பது டைல்ஸ், கதவு, குழாய், ஸ்விட்ச். சுவரைப் பார்ப்பவர்கள் குறைவு. அதற்குள் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயிண்டும் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். பூச்சில் உள்ள குறை தெரிய ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் ஆகும். அப்போது பில்டரின் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். அடுக்குமாடியில் வாங்குபவர்களும், சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ வைத்துக் கட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

சாவி தரும் அன்றைக்கு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் போதாதா?

போதாது. அன்றைக்கு நீங்கள் பார்ப்பது பெயிண்டை. பூச்சைப் பார்க்கச் சரியான நேரம், பூச்சு முடிந்து தண்ணீர் காட்டும் (பூச்சு இறுக அதை நனைத்து வைக்கும்) நாட்களும் முடிந்து, பட்டி தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. சாம்பல் நிறச் சுவரில் எதுவும் ஒளியாது. அடுக்குமாடி என்றாலும் அந்தக் கட்டத்தில் ஒருமுறை வர அனுமதி கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். "பாதுகாப்புக் காரணம்" என்று மறுத்தால், நீங்கள் கேட்டதும் அவர்கள் மறுத்ததும் எழுத்தில் இருக்கிறது. அதுவும் பின்னால் உதவும்.

அந்தக் கட்டம் தாண்டிவிட்டதா? சரி, பெயிண்ட் அடித்த சுவரிலும் பாதி உண்மை தெரியும். எப்படி என்று அடுத்த இரண்டு பதில்களில்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

நல்ல டார்ச், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஒட்டினால் பெயிண்டை உரிக்காத பேப்பர் டேப், பென்சில், ஒரு சிறிய ரசமட்டம், முடிந்தால் 2 மீட்டர் நீள அலுமினிய மட்டக்கட்டை. மட்டக்கட்டையைச் சைட்டிலேயே மேஸ்திரியிடம் கேட்டால் கிடைக்கும். அப்புறம் போன் கேமரா.

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சுவரை ஒட்டி வைத்து, ஒளி சுவர்மேல் சாய்வாக ஓடும்படி காட்டுங்கள். மேடு, பள்ளம், பட்டி போட்டு மூடிய விரிசல், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யலாம். மாலை இருட்டிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, சாவி தரும் நிகழ்ச்சியைக் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள்.

தட்டிப் பார்ப்பது என்றால் எதைக் கேட்க வேண்டும்?

நாணயத்தின் விளிம்பாலோ ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியாலோ சுவரை லேசாகத் தட்டிக்கொண்டே நகருங்கள். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் இறுக்கமான, குறுகிய சத்தம் வரும். ஒட்டாமல் நிற்கும் இடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் மாறும். முதல் அறையிலேயே காது பழகிவிடும். மாறும் இடத்தைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டி எல்லை போடுங்கள்.

பூச்சு ஏன் ஒட்டாமல் போகிறது? காய்ந்த செங்கல்லுக்குத் தண்ணீர் அடிக்காமல் பூசினால், செங்கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும்; சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிச்சமிருக்காது. கான்கிரீட் தூண், பீம், தளத்தின் அடிப்பக்கம் ஆகியவை பலகை பிரித்த பிறகு வழவழவென்று இருக்கும்; ஷட்டரிங் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசினால் கொஞ்ச நாளில் கழன்று நிற்கும். சுவர் கோணலாகக் கட்டப்பட்டிருந்தால், அதைப் பூச்சிலேயே நேராக்க ஒரே தடவையில் கனமாக அப்புவார்கள். அந்தக் கனமே அதைக் கீழே இழுக்கும். உள் சுவரில் 12 முதல் 15 மில்லிமீட்டர், கூரையின் அடியில் 6 மில்லிமீட்டர், வெளிச்சுவரில் இரண்டு பூச்சாக 20 மில்லிமீட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஒரே பூச்சில் 30, 40 மில்லிமீட்டர் என்றால் அங்கே செங்கல் வேலையின் தப்பை மறைத்திருக்கிறார்கள்.

உள்ளங்கை அளவு வெற்றுச் சத்தம் சுவரின் நடுவில் ஓரிடத்தில் வந்தால் குறித்துக்கொண்டு நகரலாம். பெரிய பரப்பில் வந்தாலும், டைல்ஸ் ஒட்டப்போகும் சுவரில் வந்தாலும், ஆணி அடித்து அலமாரி மாட்டும் இடத்தில் வந்தாலும் விடாதீர்கள். கூரையில் வந்தால் அளவே பார்க்க வேண்டாம். அது தலைமேல் விழக்கூடியது. வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: இப்போது பெரிய அடுக்குமாடிகள் பலவற்றில் மைவான் போன்ற அலுமினிய ஷட்டரிங்கில் சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். அங்கே சிமெண்ட் பூச்சே இருக்காது, நேராகப் பட்டிதான். தட்டினால் எல்லா இடமும் ஒரே மாதிரி கல்லாகச் சத்தம் வரும். அந்த வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு: பேனல் சேரும் கோடுகள், தேன்கூடு போல் பொத்தலான கான்கிரீட், ஜன்னல் ஓரங்கள்.

விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அகலத்தையும் வடிவத்தையும் பாருங்கள். இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் விரிசல் கையேடு (எஸ்பி 25) 1 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை மெல்லியது, 1 முதல் 2 வரை நடுத்தரம், 2-க்கு மேல் அகலமானது என்று பிரிக்கிறது. ஆனால் அகலத்தைவிட வடிவம் அதிகம் சொல்லும். விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

காய்ந்த ஏரியின் அடிநிலம் போல் எல்லாப் பக்கமும் மெல்லிய வலையாகப் பிரிந்திருந்தால், அது பூச்சு சுருங்கியதால் வந்தது. சிமெண்ட் அதிகம் போட்டிருப்பார்கள், அல்லது மணலில் தூசி அதிகம், அல்லது வெயிலிலும் காற்றிலும் பூசிவிட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மேலே வழவழப்புக்காகச் சிமெண்ட் பாலை ஊற்றித் தேய்த்தாலும் இப்படி வரும். அசிங்கம்தான், ஆபத்தில்லை. தட்டும்போது இறுக்கமான சத்தம் வந்தால் பட்டியால் சரியாகும்.

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறினால், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் குறுக்கே வரும் கான்கிரீட் கட்டை) சுவருக்குள் போதுமான நீளம் உட்காரவில்லையா, லிண்டல் பலவீனமா என்று கேட்க வேண்டும். கூரைக்கு அடியில் சுவரின் உச்சியில் படுக்கையாக ஒரு கோடு ஓடினால், கடைசி வரிச் செங்கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சரியாக அடைக்காமல் மேலே பூசியிருக்கலாம், அல்லது தளம் லேசாக வளைந்திருக்கலாம்.

படிக்கட்டு போல் செங்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏறும் விரிசல், சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும் விரிசல் ஆகிய மூன்றும் பூச்சுக் குறை இல்லை. அஸ்திவாரம் இறங்குவதையோ சுவர் நகர்வதையோ அவை காட்டலாம். தூணிலோ பீமிலோ கம்பியின் நீளத்துக்கே ஓடும் விரிசலும் அப்படித்தான். உள்ளே கம்பி துருப்பிடித்தால் அப்படி வரும். இவற்றுக்குப் பட்டி போட விடாதீர்கள். பில்டரின் ஆள் அல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

விரிசல் இன்னும் வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஓரிடத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பழைய முறை ஒன்றும் உண்டு: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு ஓரமும் ஒட்டிவிடுவது. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில வாரம் கழித்துக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் அது இன்னும் ஓடும் விரிசல். ஓடும் விரிசலை மூடினால் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும்.

தூணும் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் ஒரு கோடு. எல்லா அறையிலும் இருக்கிறது. ஏன்?

நம் ஊர் அடுக்குமாடிகளில் அடிக்கடி வரும் புகார் இது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் (அல்லது ஏஏசி பிளாக் எனும் எடை குறைந்த கற்களால் கட்டிய சுவரும்) வெவ்வேறு பொருள்கள். வெயிலில் கான்கிரீட் விரியும் அளவு செங்கல் விரிவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏஏசி பிளாக் காயும்போது தானாகவே கொஞ்சம் சுருங்கும். இரண்டையும் சேர்த்து மேலே ஒரே பூச்சாகப் பூசினால், அவை இழுக்கும் இழுப்பில் இணைப்பின் மேல் பூச்சு கிழியும்.

தடுக்கும் வழி எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். பூசுவதற்கு முன் இணைப்பின் மேல், இரு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரும்படி கோழிவலையோ கண்ணாடி இழை வலையோ அடித்துவிட்டு, அதன் மேல் பூச வேண்டும். வலை பூச்சுக்குள் புதைந்திருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் படிந்து கிடந்தாலும் பயனில்லை, பூச்சுக்கு வெளியே தலைகாட்டினாலும் துருதான். மிச்சம் பிடிக்க நினைக்கும் ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பது இந்த வலையில். பூச்சுக்கு முன்னால் சைட்டுக்குப் போகும் வாய்ப்பு ஒரே ஒருமுறைதான் என்றால், அன்றைக்கு வலையைப் படம் எடுங்கள்.

கோடு வந்துவிட்ட பிறகு? கோட்டின் நீளத்துக்கு இரு பக்கமும் பூச்சை வெட்டி எடுத்து, வலை அடித்துத் திரும்பப் பூசுவதுதான் முழுத் தீர்வு. மெல்லிய கோடு, பூச்சு இறுக்கமாக இருக்கிறது என்றால், 'வி' வடிவத்தில் காடி (நீளமான பள்ளம்) வெட்டி, நெளியக்கூடிய அக்ரிலிக் கிராக் ஃபில்லர் அடைத்து, மேலே இழை டேப் ஒட்டிப் பட்டி போடுவதும் பல இடங்களில் தாக்குப்பிடிக்கிறது. வெறும் வெள்ளைச் சிமெண்ட் பட்டியைத் தேய்த்துவிட்டுப் போனால் அடுத்த சித்திரை வெயிலில் அதே கோடு திரும்ப வரும்.

ஸ்விட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே கூரை வரை ஒரு விரிசல்?

சுவரை வெட்டி மின்குழாய் பதித்த காடி அது. ஆழம் போதாமல் குழாய் மேலாக நிற்கிறது, அல்லது காடியை ஒழுங்காக அடைக்கவில்லை. காடியைத் திறந்து, குழாயை உள்ளே தள்ளி, அடைத்து, வலை ஒட்டிப் பூச வேண்டும். சின்ன வேலைதான், செய்யச் சொல்லுங்கள்.

சுவரை விரலால் தேய்த்தால் மணல் கொட்டுகிறது.

இது தீவிரமானது. ஒரு ஆணியால் லேசாகக் கீறிப் பாருங்கள். நல்ல பூச்சில் வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். கெட்ட பூச்சில் ஆணி இறங்கும், மணல் கொட்டும்.

சிமெண்ட் குறைவு, மணலில் மண், பிசைந்து வெகு நேரமாகி இறுக ஆரம்பித்த கலவையில் திரும்பத் தண்ணீர் ஊற்றிப் பூசியது, தண்ணீர் காட்டாதது என்று காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்கும். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அரசுக் குடியிருப்பில், தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்வதைக் குடிவந்தவர்கள் வீடியோ எடுத்துக் காட்டியது பெரிய செய்தியானது நினைவிருக்கும். ஐஐடி மெட்ராஸ் வல்லுநர்களை வைத்துக் கட்டடத்தை ஆய்வு செய்ய வேண்டி வந்தது. அங்கே குடிவந்தவர்கள் செய்த பரிசோதனை சுவரைக் கையால் தொட்டுப் பார்த்ததுதான். நீங்களும் செய்யலாம்.

உதிரும் பூச்சுக்கு மேல் எந்தப் பட்டியும் நிற்காது. செங்கல் தெரியும்வரை உடைத்து எடுத்துப் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. "மேலே ஒரு கெமிக்கல் அடிச்சா கெட்டியாயிடும் சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் எம்-சாண்ட்தான் காரணம் என்கிறார்களே?

ஆற்று மணல் கிடைத்த காலத்திலும் சுவர் விரிசல் விட்டது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு, பூச்சுக்கு அதைவிடப் பொடியான பி-சாண்ட் தனியாக விற்கிறார்கள். பி-சாண்ட் என்ற பெயரில் கழுவாத கிரஷர் தூசியை இறக்கினால்தான் சிக்கல். வலை விரிசல் நிச்சயம். சொந்தமாகக் கட்டுபவர்கள் லாரி இறக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேல் தடிமனாகச் சேறு படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

சுவர் எவ்வளவு சமமாக இருக்க வேண்டும்?

கையால் செய்யும் வேலை, கண்ணாடி போல் இருக்காது. 2 மீட்டர் மட்டக்கட்டையைச் சுவரில் வைத்து, நடுவே தெரியும் இடைவெளி 3, 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். சமையலறை மேடைக்கு மேலும் அலமாரி வரும் சுவரிலும் கறாராக இருங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மூலை 90 பாகை இல்லையென்றால் தச்சர் அலமாரியை வைக்கும்போது ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் இடைவெளி வாய் திறந்து நிற்கும். சோபாவுக்குப் பின்னால் வரும் சுவரில் லேசான அலை இருந்தால் விட்டுவிடலாம். எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தால் முக்கியமானது அதில் தொலைந்துபோகும்.

சுவரின் அடியில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. பெயிண்ட் உப்பி உரிகிறது.

உப்பு பூத்திருக்கிறது. செங்கல்லிலோ மணலிலோ, கட்டும்போது ஊற்றிய போர் தண்ணீரிலோ இருந்த உப்பை, சுவருக்குள் நடமாடும் ஈரம் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காய்கிறது. சென்னையின் கடற்கரையோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் இடங்களில் இது சாதாரணம்.

ஒருமுறை பூத்து, காய்ந்த பிரஷ்ஷால் துடைத்த பிறகு வரவில்லையென்றால் கட்டுமான ஈரம் வெளியேறியது என்று விடலாம். துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஈரம் எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது. தரைத்தளமா, அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு போட்டார்களா என்று கேளுங்கள். மேல்தளமா, சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை குளியலறை இருக்கும். வடிகாலை அடைத்து, குளியலறைத் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது நிறுத்தி, மறுபக்கச் சுவரையும் கீழ்வீட்டுக் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைத் தயங்காமல் கேளுங்கள், அவர்களுக்குப் பெரிய செலவில்லை.

சுவர் உள்ளுக்குள் ஈரமாக இருக்கிறதா என்று சந்தேகமா? ஒரு முழம் அளவுக்கு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டிக்கும் பெயிண்டுக்கும் இன்னும் நேரம் வரவில்லை. பொதுவாகப் பூச்சு முடிந்து நான்கு வாரமாவது காய விட வேண்டும். சாவி தரும் தேதி நெருங்கும்போது முதலில் காணாமல் போவது அந்த நான்கு வாரம்தான்.

வெளிச்சுவரையும் நான்தான் பார்க்க வேண்டுமா? அது பொது இடம்தானே?

உங்கள் வீட்டுக்குள் வரும் மழை அந்தச் சுவர் வழியாகத்தான் வரும். சாரம் கட்டிய ஓட்டைகளை அடைத்த இடங்கள் வட்டமாகவோ சதுரமாகவோ தனியாகத் தெரிகின்றனவா, அங்கே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம் ஓரமாகத் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி விட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் தண்ணீர் அடியோடு ஓடிச் சுவரைத் தொடும். ஜன்னலின் வெளித்திண்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்பக்கம் சரிந்த திண்டுகளையும் பார்த்திருக்கிறேன். எப்படித்தான் மனசு வந்ததோ.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை வீட்டைப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

உள்ளே ஜிப்சம் பூச்சு என்கிறார்கள். நல்லதா?

நன்றாகப் பூசினால் வழவழப்பு, சுருக்க விரிசல் குறைவு, தண்ணீர் காட்டவும் தேவையில்லை. ஈரம் மட்டும் ஆகாது. குளியலறை, பால்கனி, வெளிச்சுவர் எதிலும் இருக்கக் கூடாது. சமையலறைத் தொட்டிப் பக்கமும் வேண்டாம். கழிவறைக்கு ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஜிப்சம் என்றால், மேலே சொன்ன தண்ணீர் கட்டும் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

"ஹேர்லைன் கிராக் சார், எல்லா வீட்லயும் வரும்." இதற்கு என்ன பதில் சொல்வது?

"சரி, எதனால் வந்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். அவர் சொல்வது பாதி உண்மை. சுருக்க விரிசல் எல்லா வீட்டிலும் வரும். ஆனால் காரணம் சொல்லாமல் எதையும் மூட விடக் கூடாது. "சுருக்கம்" என்று எழுதினால், அடுத்த ஆண்டு அதே இடத்தில் திரும்ப வரும்போது அந்தத் தாள் பேசும். "தூண் இணைப்பில் வலை இல்லை" என்று எழுத வேண்டி வந்தால், வெட்டித் திரும்பப் பூசுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது. எப்படி மூடப்போகிறீர்கள் என்ற கேள்வியை எப்போதும் இரண்டாவதாக வையுங்கள்.

வெற்றாக நிற்கும் பூச்சைச் சரிசெய்யும்போது எதைக் கவனிப்பது?

வெட்டும் இயந்திரத்தால் நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் பக்கத்தில் நன்றாக இருப்பதும் கழன்றுவிடும். செங்கல் தெரியும்வரை எடுத்து, தூசி தட்டி, கான்கிரீட் என்றால் கொத்தி, தண்ணீர் அடித்து, ஒட்டும் கலவை தடவிப் பூச வேண்டும். அதன்பின் ஏழு நாளாவது தண்ணீர். ஒட்டுப் போட்ட சின்ன இடத்துக்குத் தண்ணீர் காட்ட யாரும் வர மாட்டார்கள். வாட்ச்மேனிடமாவது சொல்லி வையுங்கள். காய்ந்த பிறகு திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டி.

குறைகளை எப்படி எழுதிக் கொடுப்பது?

"சுவரில் விரிசல்கள் உள்ளன" என்று எழுதினால் பயனில்லை. "இரண்டாவது படுக்கையறை, கிழக்குச் சுவர், ஜன்னலின் வலது மேல்மூலையிலிருந்து சாய்வாக 60 சென்டிமீட்டர், அகலம் சுமார் 1 மில்லிமீட்டர்" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதே எண்ணைச் சுவரில் டேப்பில் எழுதி ஒட்டி, அறை தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படமும் கிட்டத்தில் ஒரு படமும் எடுங்கள். சைட் இன்ஜினியரின் வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல், நிறுவனத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். சைட் இன்ஜினியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சாவி தரும் அன்று ஒரு படிவம் நீட்டுவார்கள். "வீட்டைப் பார்த்து முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருக்கும். கையெழுத்துக்கு மேல் "இணைத்துள்ள குறைப்பட்டியலுக்கு உட்பட்டு" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் வாங்காமல் வராதீர்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகையும் அடித்தாயிற்று.

பில்டருக்கும் அது தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் நாள் வைக்க மாட்டார்கள் என்பதால், ஆவணியிலும் தையிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில்தான் படிவங்களில் கையெழுத்து விழுகிறது. பால் காய்ச்சுவதையும் வீட்டைப் பெற்றுக்கொள்வதையும் பிரித்துவிடுங்கள். "இன்ன தேதியில் பூஜைக்காக மட்டும் வீட்டைத் திறந்து தரவும், இது வீட்டை ஒப்படைத்ததாகக் கொள்ளப்படாது" என்று மின்னஞ்சல் அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு பூஜையை நடத்துங்கள். சாவியை அன்றே திருப்பிக் கொடுங்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கலாம். நல்ல நேரம் தவறவில்லை என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார்கள்.

குறை சரியாகும்வரை கடைசித் தவணையைத் தராமல் இருக்கலாமா? வீட்டை வாங்க மறுக்கலாமா?

அடுக்குமாடி விஷயத்தில் இரண்டிலும் ஜாக்கிரதை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குபவர் மேலும் கடமை வைத்திருக்கிறது: ஒப்பந்தப்படி தவணை கட்ட வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு, குடியேற்றச் சான்றிதழ் (ஆக்குபன்சி சர்டிபிகேட்) வந்து இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். வலை விரிசலைக் காட்டி லட்சக்கணக்கில் நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும். பட்டியலைப் பதிவு செய்து, சரிசெய்யும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பெறுவதுதான் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது வக்கீலைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் "குறைகளுக்கு ஒரு வருடம் மட்டும்" என்று இருக்கிறதே?

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 14(3) பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறையையும், வேலைத்தரம், பொருள்தரம் சார்ந்த குறைகளையும் பில்டர் கூடுதல் பணம் வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். பூச்சு வேலை இதில் அடங்கும். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதிக்கொண்டதால் சட்டம் தந்த ஐந்து ஆண்டு சுருங்காது. ஆனால் நீங்களே சுவரை உடைத்து மாற்றியிருந்தாலோ, ஏசி குழாய்க்கு ஓட்டை போட்டிருந்தாலோ அந்தச் சுவரைப் பற்றி வாதம் வரும். அதனால் இன்டீரியர் வேலை தொடங்கும் முன் எல்லாச் சுவரையும் தேதியோடு வீடியோ எடுத்து வையுங்கள்.

பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் வரும், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள்தான் ரெராவில் பதிவாகின்றன. வாங்கும்போதே பதிவு எண்ணைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சொந்த மனையில் ஒப்பந்தக்காரர் கட்டிக்கொடுக்கிறார். எனக்கு என்ன பாதுகாப்பு?

ரெரா உங்களுக்கு வராது. ஒப்பந்தமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். வீடு கட்டித் தருவது அதில் சேவையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

அதுவரை போகாமலிருக்க, ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஒன்று, மொத்தத் தொகையில் ஐந்து சதவீதம் ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்தம். மேஸ்திரி முகம் சுளிப்பார், ஒத்துக்கொள்வார். இரண்டு, பூச்சுக் கூலியின் ஒரு பகுதி தண்ணீர் காட்டும் நாட்கள் முடிந்த பிறகுதான். பூசியவுடன் முழுக் கூலியும் கொடுத்துவிட்டால், மறுநாள் தண்ணீர் அடிக்க யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

குடிபோன பிறகு எப்போது திரும்பப் பார்ப்பது?

முதல் கோடை முடியும்போது ஒருமுறை, முதல் வடகிழக்கு மழை முடிந்ததும் ஒருமுறை. அலமாரிக்குள், கதவுக்குப் பின்னால், பரண்மேல், குளியலறைக்கு ஒட்டிய சுவர்களில் டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். பழைய பட்டியலின் எண்களை வைத்தே சரிபாருங்கள். புதியவற்றுக்குப் புதிய எண். ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்த இடம் திரும்ப விட்டிருந்தால், அதைத் தனி மின்னஞ்சலாக, முன்பு அவர்கள் எழுதிக் கொடுத்த காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்து ஓடும்.